பிள்ளை பிரெஞ்சு செஜெப்புக்குப் போகிறதா? பிரெஞ்சு தெரியாத தாய் தகப்பனுக்கு ஒரு வழிகாட்டி, ஆற்றங்கரையோடு

பதினொரு வருடம் மொன்றியலில் ஷபனெல் தெருவில் ஒரு தையல் ஃபக்டரியில் ஓவர்லொக் மெஷினில் இருந்தேன். காலையில் கிறெமாசி மெற்றோவில் இறங்கி, ஷபனெல் பக்கம் போகும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பேன். என்னோடு இறங்கும் இளம் பிள்ளைகள் முதுகுப் பையோடு வேறு பக்கம் நடந்து போவார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பிறகு என் மகளும் அதே பக்கம் நடக்கத் தொடங்கினாள். சென் ஹுபேர் தெருவில் இருக்கும் அஹன்சிக் கொலேஜ், மெற்றோவிலிருந்து பத்து நிமிட நடை.

இப்போது கோயிலில், கலியாண வீட்டில், எங்கே போனாலும் யாராவது ஒரு தாய் என்னைப் பிடித்துக் கேட்கிறார்: "அக்கா, செஜெப் என்றால் என்ன? எங்களுக்குப் பிரெஞ்சு வராது, பிள்ளைக்கு என்ன உதவி செய்யலாம்?" ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் செஜெப். கியூபெக்கில் பள்ளிக்கூடம் 11ஆம் வகுப்போடு முடிகிறது. பிள்ளைக்கு அப்போது 16, 17 வயது. அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கு முன்னால் வரும் கல்லூரிதான் செஜெப். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சிக்கு இதை விளங்கப்படுத்த இரண்டு வருடம் பிடித்தது. அவள் இன்னும் "பன்னிரண்டாம் வகுப்பு" என்றுதான் சொல்லுவாள். இதில் இரண்டு வழி உண்டு. பல்கலைக்கழகம் போக விரும்பும் பிள்ளைக்கு இரண்டு வருடப் படிப்பு. நேரே வேலைக்குப் போகக்கூடிய தொழில்நுட்பப் படிப்பு மூன்று வருடம். இரண்டின் முடிவிலும் கிடைக்கும் சான்றிதழை 'டெக்' என்பார்கள். தொழில்நுட்ப டெக் எடுத்த பிள்ளையும் பிறகு பல்கலைக்கழகம் போகலாம், கதவு மூடப்படாது. 1967இல் முதன்முதலாகத் திறந்த 12 செஜெப்களில் அஹன்சிக்கும் ஒன்று. அச்சு, வரைகலை, எக்ஸ்-ரே போன்ற மருத்துவப் படத் துறைகள், அம்புலன்ஸ் பணி, பொலிஸ் பயிற்சி எல்லாம் அங்கே இருக்கின்றன.

காசைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கியூபெக்கில் வதிவுரிமை உள்ள, முழுநேரம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு செசனுக்கும், அதாவது தவணைக்கும், பதிவுச் செலவு என்று கொஞ்சம் கட்ட வேண்டும், புத்தகம் தனி. அதுவும் பாரமாக இருந்தால் அரசின் மாணவர் கடனுக்கும் உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். 1977இல் வந்த மொழிச் சட்டத்தால் எங்களைப் போல வந்தவர்களின் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியும் உயர்தரப் பள்ளியும் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். செஜெப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆங்கிலச் செஜெப்பில் இடம் இருந்தால் போகலாம், ஆனால் 2022இல் வந்த சட்டம் அந்த இடங்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்திவிட்டது. பதினொரு வருடம் பிரெஞ்சில் எழுதிப் பழகிய கையை 17 வயதில் மாற்றுவதை நான் விரும்பவில்லை. மகளும் விரும்பவில்லை. மொன்றியல் ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவைப் போன்ற ஒரு கிழவியைப் படுக்க வைத்து எக்ஸ்-ரே எடுக்கப் போகிற பிள்ளைக்குப் பிரெஞ்சு கைவசம் இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

விண்ணப்பம்

மொன்றியல் பகுதியில் பெரும்பாலான செஜெப்களுக்கு 'ஸ்ராம்' என்ற ஒரே இடத்தின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இலையுதிர் கால செசனுக்கு மார்ச் 1, குளிர்கால செசனுக்கு நவம்பர் 1 கடைசி நாள். இந்த இரண்டு நாளையும் கலண்டரில் சிவப்பில் போடுங்கள். ஒரு சுற்றில் ஒரு கல்லூரியில் ஒரு துறைக்குத்தான் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று உண்டு, ஆனால் நல்ல துறைகளில் அப்போது இடம் மிஞ்சாது. உயர்தரப் பள்ளியின் 4ஆம், 5ஆம் வருடப் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே "கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளை சொன்னால் விடாதீர்கள். சில துறைகளுக்கு மேல் மட்டக் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். அதை 3ஆம் வருட முடிவிலேயே விசாரியுங்கள், பாடம் தெரிவு செய்வது அப்போதுதான்.

எங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒருவர் "இந்தத் துறை கடினம், சுருக்கமான படிப்பு ஒன்றைப் பாரும்" என்று அவளிடம் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுப் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "புள்ளிகளைக் காட்டுங்கள், எந்தப் பாடம் குறைகிறது?" என்று மட்டும் கேட்டேன். எந்தப் பாடமும் குறையவில்லை. விண்ணப்பம் போட்டோம், கிடைத்தது. தாயோ தகப்பனோ நேரில் போய் நிற்க வேண்டும். மொழி அரைகுறையாக இருந்தாலும் போங்கள்.

முதல் மாதம்

முதல் வகுப்பில் ஒவ்வொரு ஆசிரியரும் 'பிளான் த கூர்' என்று ஒரு பாடத்திட்டம் கொடுப்பார். எந்த வாரம் எந்தப் பரீட்சை, எதற்கு எத்தனை வீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். மகள் ஏழு பாடத்துக்கு ஏழு திட்டம் கொண்டு வந்தாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்து, எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். அக்டோபரில் ஒரே வாரத்தில் நான்கு பரீட்சை வருவது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வாரம் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு நாங்கள் போகவில்லை.

திட்டத்தின் மேலே மூன்று இலக்கங்கள் இருக்கும். உதாரணமாக முதல் இலக்கியப் பாடத்துக்கு 2-2-3. வகுப்பில் இரண்டு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் பயிற்சி, வீட்டில் மூன்று மணி நேரம் சொந்த வேலை, இவ்வளவும் ஒரு வாரத்துக்கு. அந்த மூன்றாவது இலக்கத்தைத்தான் பிள்ளைகள் மறந்துபோவார்கள். எல்லாப் பாடத்தின் மூன்றாவது இலக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கடையில் வேலை செய்யலாம் என்ற சண்டை அதோடு தீரும்.

அடுத்தது செப்டம்பர் 20. குளிர்காலத்தில் பெப்ரவரி 15. இந்தத் தேதிக்கு முன் ஒரு பாடத்தை விட்டால் அது பதிவேட்டில் ஏறாது. பிறகு விட்டால் தோல்வி என்றுதான் விழும். சித்தி பெற 60 வேண்டும். 59 என்றால் 59தான்.

பிரெஞ்சு

எல்லாருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு: பிரெஞ்சு இலக்கியம் நான்கு, தத்துவம் மூன்று, ஆங்கிலம் இரண்டு, உடற்பயிற்சி மூன்று. எக்ஸ்-ரே படிக்கும் பிள்ளை ஏன் தத்துவம் படிக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மகளின் முதல் இலக்கியக் கட்டுரைக்கு 48 வந்தது. பேச்சுப் பிரெஞ்சில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, மொன்றியலில் பிறந்த பிள்ளை. எழுத்துத்தான் இடித்தது. இலக்கியப் பாடங்களில் கட்டுரை 700, 800, 900 சொல் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மாகாணப் பொதுப் பரீட்சை ஒன்று இருக்கிறது. நாலரை மணி நேரம், 900 சொல். அச்சு அகராதியும் இலக்கணப் புத்தகமும் கொண்டு போகலாம். மொழிப் பிழை 30ஐத் தாண்டினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் சித்தி இல்லை. அதில் சித்தி பெறாமல் டெக் கையில் கிடைக்காது.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, செஜெப்பில் பிரெஞ்சு உதவி மையம் இருக்கும், அங்கே முதல் மாதத்திலேயே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மகளுக்கு இரண்டாம் வருட மாணவி ஒருத்தி வாரம் ஒரு மணி நேரம் உதவினாள். ஒவ்வொரு பிழையையும் அதன் வகையோடு ஒரு கொப்பியில் எழுத வைத்தாள். நாலு வாரத்தில் பார்த்தால் பாதிப் பிழை ஒரே வகை: வினைச்சொல்லின் கடைசி எழுத்து. காதில் ஒரே மாதிரிக் கேட்கும், எழுத்தில் வேறு வேறு. எந்தப் பிழை என்று தெரிந்த பிறகு கடைசி அரை மணி நேரத்தில் அதை மட்டும் தேடித் திருத்தப் பழகினாள்.

இரண்டாவது வேலை தாய் தகப்பனுடையது. அதற்குப் பிரெஞ்சு தேவையில்லை. பிள்ளை வாசித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல வையுங்கள். கதை என்ன, யார் யாருக்கு என்ன செய்தார், ஏன் என்று. தமிழில் சொல்ல முடியாத இடத்தில் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தைப் பிள்ளையே திரும்பப் போய் வாசிக்கும். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். வீட்டில் இதைச் செய்து பார்த்தோம், சரிவரவில்லை. ஃபோன் அடிக்கும், தம்பி வந்து நிற்பான், அடுப்பில் ஏதாவது இருக்கும். அதனால்தான் ஆற்றங்கரைக்குப் போனோம்.

ஆற்றங்கரைக்குப் போகும் வழி

கொலேஜிலிருந்து வருபவர்கள் கிறெமாசியில் ஆரஞ்சு லைன் ஏறி, சோவே தாண்டி, ஹென்றி புறாசாவில் இறங்க வேண்டும். இரண்டே ஸ்டேஷன். அங்கிருந்து குவென் தெரு வழியாகக் கிழக்கே பஸ்ஸிலும் போகலாம். வெயில் காலத்தில் நான் நடந்துதான் போவேன், அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய இடத்தின் பெயர் 'ஈல் த லா விசித்தாசியோன்', விசித்தாசியோன் தீவு. மொன்றியலின் வடக்குக் கரையில், பிரேரி ஆற்றில் இருக்கும் சின்னத் தீவும் அதன் எதிர்க்கரையும் சேர்ந்த பூங்கா.

வழியில் முதலில் தேவாலயம் வரும். கல் சுவர், 1749இலிருந்து 1751 வரை கட்டியது. மொன்றியல் தீவில் இன்று நிற்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. மரியாள் தன் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்கப் போனதை வைத்துத்தான் 'விசித்தாசியோன்' என்ற பெயர். நான் சைவம், ஆனால் கொன்வென்றில் படித்தவள், பெயரைக் கேட்டவுடனே சிஸ்டர் சொன்ன கதை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கர்ப்பிணிப் பெண்கள் சந்தித்துக் கொண்ட கதை.

இந்த இடத்துக்குப் பழைய பெயர் 'சோ ஓ றெக்கொலே'. றெக்கொலே சபைத் துறவியின் நீர்விரைவு என்று அர்த்தம். 1625இல் நிக்கொலா வியேல் என்ற துறவியும் அவரோடு வந்த அஹன்சிக் என்பவரும் இந்த ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அஹன்சிக் ஹூரோன் பழங்குடி இளைஞரா, அந்த மக்கள் பட்டப்பெயர் வைத்த பிரெஞ்சுக்காரரா என்பதில் வரலாற்றுக்காரர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அவர் பெயர்தான் இந்தப் பகுதிக்கு, பிறகு கொலேஜுக்கு. மகள் தினமும் தன் அடையாள அட்டையில் காவிக்கொண்டு திரிந்த பெயர் ஆற்றில் மூழ்கிப்போன ஒரு மனிதருடையது என்பது அந்தக் கரையில் நின்றபோதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. 1696இல் சுல்பீசியன் குருமார் இங்கே பழங்குடி மக்களுக்காக ஒரு மிஷன் கோட்டை வைத்தார்கள். 1721இல் அந்த மக்களை ஓகா என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். இப்போது தண்ணீர் அமைதியாகப் போகிறது. 1920களின் கடைசியில் கொஞ்சம் கீழே நீர்மின் நிலையம் கட்டியபோது நீர்மட்டம் உயர்ந்து பழைய நீர்விரைவு அடங்கிவிட்டது.

தேவாலயம் தாண்டிக் கிழக்கே போனால் பழைய வீடு ஒன்று, 'மேசோன் து பிறெஸ்வார்'. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பிள் பிழிந்து சைடர் எடுத்த இடம். அதைப் பார்க்க நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆலை அணைக்குக் கட்டாயம் போங்கள்.

கரையையும் தீவையும் சேர்த்து 1726இல் சுல்பீசியன்கள் ஒரு அணை கட்டி, அதில் ஆலைகளை வைத்தார்கள். மாவரைத்தார்கள், மரம் அறுத்தார்கள், கம்பளி சிக்கெடுத்தார்கள். கடைசிக் காலத்தில் அதே இடத்தில் காகித அட்டை செய்தார்கள். 1960 வரை வேலை நடந்திருக்கிறது. கூரை போய்விட்டது, கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அந்த அணையின் மேல் நடந்துதான் தீவுக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். வருடம் முழுக்க ஓடும் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்த மனிதர்களை நினைத்தேன். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது என் ஃபக்டரி ஞாபகம் வந்தது. அங்கேயும் மெஷின்கள் போய்விட்டன, சுவர் மட்டும் நிற்கிறது.

சுவரைப் பார்த்தபடி ஒரு வாங்கு இருக்கும். அதில்தான் நாங்கள் இருப்போம். முதல் தடவை மகள் தத்துவப் பாடத்தைக் கொண்டு வந்தாள். சோக்கிரட்டீஸ்.

"வயது எழுபது அம்மா. இளம் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று ஊர் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. நஞ்சு குடிக்க வேண்டும். ஓடிப்போகச் சிநேகிதர்கள் எல்லா ஏற்பாடும் செய்தார்கள். அவர் போக மாட்டேன் என்றுவிட்டார்."

"பிள்ளைகள் இருந்ததா?"

"மூன்று ஆண் பிள்ளைகள்."

"அப்படியென்றால் ஏன் ஓடவில்லை?"

ஊரின் சட்டத்தின் கீழ் எழுபது வருடம் வாழ்ந்தவர், தனக்குப் பாதகமாக வந்தவுடன் அதை உடைத்தால் இவ்வளவு நாளும் பேசியதெல்லாம் பொய் என்று ஆகிவிடும் என்றாள். நான் சொன்னேன், "நான் ஓடி வந்தவள். உன் அண்ணன் கைக்குழந்தை. நான் சட்டத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தேன். அப்ப நான் செய்தது பிழையா?" மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு பையிலிருந்து கொப்பியை எடுத்து நடுவில் ஒரு கோடு கிழித்தாள். ஒரு பக்கம் அவருடைய காரணம், மறுபக்கம் என்னுடையது. கட்டுரையில் எதிர்வாதம் வைக்க வேண்டும், அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தானாம். அந்தக் கட்டுரைக்கு 81 வந்தது. தத்துவம் ஏன் என்று நான் கேட்பதை அன்றோடு நிறுத்தினேன்.

அந்த வாங்கில் நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கு இது. பிள்ளை முதலில் பதினைந்து நிமிடம் பிரெஞ்சில் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் ஆற்றைப் பாருங்கள், நாரை நிற்கும், வாத்து வரும். பிறகு தமிழில் சொல்லட்டும். நீங்கள் ஏன், பிறகு என்ன, நீ அதை நம்புகிறாயா என்று கேளுங்கள். திருத்த வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். கடைசியில் பிள்ளை இரண்டு வசனம் பிரெஞ்சில் எழுதட்டும். அதற்கு மேல் வேண்டாம். பிறகு தீவைச் சுற்றி நடவுங்கள். அந்த நடையில்தான் பிள்ளை மற்றக் கதையெல்லாம் சொல்லும்: யாரோடு சாப்பிடுகிறது, எந்த ஆசிரியருக்குப் பயம், லாபில் என்ன உடைந்தது. அந்தக் கதைகளை வீட்டில் கேட்டு வாங்க முடியாது.

பொதுப் பரீட்சைக்கு முன்னால் மூன்று ஞாயிறு தொடர்ந்து போனோம். அவள் சித்தி பெற்றாள்.

குளிர்காலத்திலும் பூங்கா திறந்திருக்கும், பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள், பனிச்சறுக்கில் நடப்பவர்களும் வருவார்கள். வாங்கில் இருக்க முடியாது, நடந்துகொண்டே கதையுங்கள். டிசம்பரில் நாலேகால் மணிக்கே சூரியன் விழுந்துவிடும், ஆகவே ஒரு மணிக்கு முன் வெளிக்கிடுங்கள். அணைப் பக்கம் காற்று அதிகம், காதை மூடும் தொப்பி வேண்டும். தேத்தண்ணியைச் சுடுபோத்தலில் கொண்டு போங்கள், இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்கள். ஞாயிற்றில் பஸ் குறைவு. நேரத்தைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் நான் வாங்கில் இருப்பேன்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். தம்பிக்கு வருகிற மார்ச் 1 விண்ணப்பம், அவன் கட்டட வரைபடம் படிக்க வேண்டும் என்கிறான். போன ஞாயிறு அவனை அணைக்குக் கூட்டிப்போனேன். சுவரின் கல்லை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் குனிந்து நின்று பார்த்தான், பஸ்ஸை விட்டுவிட்டோம்.